உங்கள் நட்சத்திரம் வானில் எங்கே இருக்கிறது?

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். நாமும் யோசிக்காமல் மகம் என்றோ கேட்டை என்றோ சொல்லிவிடுகிறோம். வரன் பார்க்கிற வீடுகளில் படிப்பையும் வேலையையும் விசாரிப்பதற்கு முன்பே நட்சத்திரம் விசாரிக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் அந்தப் பெயருக்குரிய விண்மீன் இன்றிரவு எந்தத் திசையில், எத்தனை மணிக்குத் தெரியும் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அது தனி வழக்கு, இங்கே அதை எடுக்கப் போவதில்லை. அசுவினி தொடங்கி ரேவதி முடிய நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் 27 பெயர்களும் கண்ணால் பார்க்கக்கூடிய விண்மீன்களின் பெயர்கள் என்பதும், தமிழ்நாட்டு மொட்டைமாடியிலிருந்து வானத்தைப் படிக்க விரும்புகிறவருக்கு அவற்றைவிட நல்ல பாடத்திட்டம் வேறு இல்லை என்பதும், மதுரையில் பல ஆண்டுகளாக வானம் பார்த்து வருவதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

விண்மீன் கூட்டங்களை அறிமுகம் செய்யும் நூல்களும் செயலிகளும் பெரும்பாலும் ஐரோப்பிய மரபின் படங்களிலிருந்தே தொடங்குகின்றன. வேட்டைக்காரன், பெருங்கரடி, சிறகு முளைத்த குதிரை என்று வரும் அந்தப் படங்கள் அழகானவைதான். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1922ல் 88 கூட்டங்களின் பட்டியலை ஏற்றுக்கொண்டது; பெல்ஜியத்தைச் சேர்ந்த யூஜீன் டெல்போர்ட் வகுத்த எல்லைக்கோடுகள் 1930ல் வெளியாயின. அன்று முதல் வானியலாளர்களுக்கு ஒரு கூட்டம் என்பது வானத்தின் ஒரு பரப்பே தவிர, கோடிட்டு வரைந்த உருவம் அல்ல. உருவங்கள் இன்றும் நூல்களில் இருப்பது தொடக்கநிலையினரின் வசதிக்காக. அந்த வசதிதான் நமக்குக் கிடைப்பதில்லை, ஏனெனில் அந்த உருவங்கள் நிலநடுக்கோட்டிலிருந்து 40, 50 பாகை வடக்கே வாழ்பவர்களின் கண்ணுக்கு ஏற்ப நிறுத்தி வரையப்பட்டவை.

சப்தரிஷி மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். நூல்களில் அது வாய் மேல்நோக்கிய அகப்பையாகவே பெரும்பாலும் வரையப்பட்டிருக்கும். அந்த நிலையில் அது துருவமீனுக்குக் கீழே இருக்க வேண்டும். லண்டனில் துருவமீன் அடிவானத்திலிருந்து 51 பாகை உயரத்தில் நிற்பதால் அதற்குக் கீழே ஏழு மீன்களுக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. துருவமீனின் உயரம் பார்ப்பவரின் அட்சரேகைக்குச் சமம் என்பது விதி. ஆகவே மதுரையில் அது 10 பாகை, சென்னையில் 13, கன்னியாகுமரியில் வெறும் 8. அதற்குக் கீழே போகும் வேளையில் ஏழு மீன்களும் நமக்கு அடிவானத்தின் கீழ் மறைந்துவிடுகின்றன. மாசி முதல் ஆனி வரையிலான முன்னிரவுகளில் நாம் பார்க்கும்போது அகப்பை கவிழ்ந்தே கிடக்கிறது. படத்தை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டு வடக்கே தேடுகிறவருக்கு அது தென்படாமல் போவதில் வியப்பில்லை. அகப்பையின் முகப்பிலுள்ள இரண்டு மீன்களை இணைத்து ஐந்து மடங்கு நீட்டினால் துருவமீன் கிடைக்கும் என்ற புகழ்பெற்ற வழிகாட்டலும் இங்கே பாதிதான் பலிக்கிறது. கோடு சரியாகத்தான் போகிறது, போய் முடிகிற இடத்தில் தூசியும் தென்னந்தோப்பும் பக்கத்து அடுக்குமாடியும் நிற்கின்றன. துருவமீன் அப்படியொன்றும் ஒளிமிக்க மீனும் அல்ல.

ஆகவே துருவமீனை விட்டுவிடுங்கள். நமக்கு வேறொரு வழிகாட்டி இருக்கிறது: சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி. ஒவ்வொரு தாளிலும் அன்றைய திதிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அன்றைக்கு நிலா எந்த மீனின் பகுதியில் இருக்கிறது என்பதே அதன் பொருள். நிலா வானத்தை ஒருமுறை சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் எடுத்துக்கொள்வதால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 பாகை, அதாவது ஒரு நட்சத்திரப் பகுதி கிழக்கே நகர்கிறது. நாட்காட்டியில் இன்று ரோகிணி என்றிருந்தால் நிலாவைக் கண்டுபிடித்து அதன் அருகே பாருங்கள். சிவந்த நிறத்தில் ஒளிமிக்க மீன் ஒன்று தெரியும், அதுவே ரோகிணி. இந்த முறை பலிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மேற்கத்திய ராசிக்கணக்கு சம இரவுப் புள்ளியிலிருந்து, அதாவது மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் இடத்திலிருந்து, அளக்கப்படுவதால், புவியின் அச்சு மெல்லச் சுழல்வதை ஒட்டி, இப்போது உண்மையான விண்மீன்களிலிருந்து ஏறத்தாழ 24 பாகை விலகி நிற்கிறது. நம் பஞ்சாங்கங்கள் அந்த விலகலைக் கழித்துவிட்டு விண்மீன்களை ஒட்டியே கணக்கிடுகின்றன. திருவோணம், அவிட்டம், சுவாதி போன்ற சில மட்டும் நிலா செல்லும் பாதையிலிருந்து வெகுதூரம் வடக்கே விலகியிருப்பவை. அந்த நாள்களில் நிலாவுக்குப் பக்கத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

திருவிழாக்களும் இதே கணக்கின் மேல் நிற்பவையே. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம், கார்த்திகை தீபம், மார்கழித் திருவாதிரை: அந்தந்த மாதத்து முழுநிலா எந்த மீனை ஒட்டி நிற்குமோ அந்த மீனின் பெயரிலேயே விழா அமைந்திருக்கிறது. முழுநிலா சூரியனுக்கு நேர் எதிரே இருப்பதால் மாலையில் எழுந்து நள்ளிரவில் உச்சிக்கு வந்து விடியலில் மறைகிறது. அதை ஒட்டிய மீனும் அப்படியே. ஆக, விழாக்களின் வரிசையைத் தெரிந்துவைத்திருப்பவர் எந்த மாதத்தில் எந்த மீன் இரவு முழுவதும் தெரியும் என்ற அட்டவணையைத் தெரிந்துவைத்திருக்கிறார். முழுநிலாவின் ஒளியில் சிறிய மீன்கள் மூழ்கிப்போகும் என்பதால், இடத்தை மட்டும் அன்றைக்குக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து நிலா நள்ளிரவுக்கு மேல் எழும் நாள்களில் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

தொடங்குவதற்கு உகந்த மாதம் தை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம் என்று ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக ஒரே பார்வையில் கிடைக்கும். இரவு எட்டு மணிக்குக் கிழக்குப் பக்கம் நின்று உச்சியை நோக்கி அண்ணாந்தால் சமதூரத்தில் நெருங்கி நிற்கும் மூன்று மீன்கள் தெரியும். ஐரோப்பிய மரபில் ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை அது. அவற்றுள் மேற்கோரத்து மீன், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடுவதாகக் கொள்ளும் வானநடுக்கோட்டின் மீதே இருப்பதால், உலகின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் மிகச் சரியாகக் கிழக்கில் எழுந்து மேற்கில் மறையும். திசைகாட்டி இல்லாதவருக்கு அது பெரிய உதவி. நூல்களில் நிமிர்ந்து நிற்கும் இந்த வேட்டைக்காரன் நம் ஊரில் எழும்போது வடக்கே தலைவைத்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறான், கச்சையின் மூன்று மீன்களும் மேலிருந்து கீழாக, சற்றே வலப்பக்கம் சாய்ந்து இறங்குகின்றன. உச்சிக்கு வரும்போது கழுத்து வலிக்கும் அளவுக்கு மேலேறி விடுகிறான். மறையும்போதும் படுத்தேதான் மறைகிறான்.

இங்கே அளவுகோலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கையை முழுவதும் நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே, அதாவது ஒரு சாணுக்குள், வானத்தில் ஏறத்தாழ 20 பாகை அடங்கும். மடக்கிய முட்டியின் அகலம் 10 பாகை, சுண்டுவிரலின் அகலம் ஒரு பாகை. குழந்தையின் கை சிறிது, நீளமும் குறைவு. ஆகவே கணக்கு பெரிதாக மாறுவதில்லை. கச்சையின் மூன்று மீன்களை இணைக்கும் கோட்டைத் தென்கிழக்கே ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக நீட்டினால் வானத்து விண்மீன்களிலேயே மிகுந்த ஒளி கொண்ட சிரியஸ் கிடைக்கும். அதே கோட்டை எதிர்ப்பக்கம் அதே அளவுக்கு நீட்டினால் ரோகிணி. ரோகிணியைத் தாண்டி இன்னும் ஒன்றரை முட்டி தூரம் போனால் நெருக்கமாகக் குவிந்த ஆறு சிறு மீன்கள், கார்த்திகை. அதை நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்றே ஓரத்தில் வைத்தால் மீன்கள் கூடுதலாகத் தெளியும். விழித்திரையின் நடுப்பகுதி நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் ஏற்றது, மங்கிய ஒளியை வாங்குவதில் ஓரப்பகுதியே வல்லது.

கச்சைக்கு வடக்கே, படுத்திருக்கும் வேட்டைக்காரனின் தோளில், சிவந்து நிற்பது திருவாதிரை. தலை இருக்க வேண்டிய இடத்தில் சின்னஞ்சிறு முக்கோணமாக நிற்கும் மூன்று மீன்கள் மிருகசீரிடம். திருவாதிரையைப் பழகியவர்களுக்கு 2019ன் இறுதியில் ஓர் அனுபவம் வாய்த்தது. வழக்கமாக ரோகிணியைவிட ஒளி மிகுந்து நிற்கும் அந்த மீன் வாரத்துக்கு வாரம் மங்கி, 2020 பிப்ரவரியில் மறுதோளில் உள்ள மீனின் அளவுக்கு இறங்கிவிட்டது. அதன் பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததும், அது உமிழ்ந்த பொருள் தூசியாகி நம் பார்வைக்குக் குறுக்கே வந்ததும் காரணம் என்று பின்னர் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். எந்தக் கருவியும் இல்லாமல், பக்கத்து மீனோடு ஒப்பிட்டே அந்த மாற்றத்தைப் பார்க்க முடிந்தது. விண்மீன்களின் இடத்தை மட்டுமல்லாமல் ஒளியின் வரிசையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஜனவரி இறுதியில் இரவு பத்து மணிக்குத் தெற்கே திரும்பி நின்றால் சிரியஸ் உயரத்தில் இருக்கும். அதிலிருந்து நேர் கீழே மூன்றரை முட்டி இறங்கினால் அதற்கு அடுத்தபடியான ஒளியுள்ள கேனோபஸ், நம் மரபில் அகத்தியர். மதுரையில் அது 27 பாகை உயரம் வரை ஏறும். டெல்லியில் அடிவானத்துக்கு ஒரு முட்டி உயரத்திலேயே நின்றுவிடும். லண்டனில் ஒருபோதும் எழாது. துருவமீன் விஷயத்தில் நாம் இழந்ததைத் தெற்கில் வட்டியோடு பெற்றுக்கொள்கிறோம்.

அடுத்த வரிசை அத்தனை எளிதல்ல. புனர்பூசத்தின் இரட்டை மீன்களுக்கும் மகத்துக்கும் நடுவே பூசமும் ஆயில்யமும் வருகின்றன, இரண்டும் மங்கலானவை. என் அத்தையின் நட்சத்திரம் பூசம். மாசி மாதத்து இரவு ஒன்றில், மாடியில் வற்றல் எடுக்க வந்தவர் நான் வானம் பார்ப்பதைக் கண்டு, "எங்க பூசம் எதுடா?" என்று கேட்டார். "அந்த ரெட்டைக்கும், கீழ தனியா நிக்குதே அந்த மகத்துக்கும் நடுவுல பாருங்கத்தை" என்றேன். "அங்க ஒண்ணுமே இல்லையே?" என்றார், சற்றுக் கோபமாகவே. மதுரையின் வெளிச்சத்தில் அங்கே ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். இருகண்நோக்கியைக் கையில் கொடுத்து, கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றிக்கொள்ளச் சொல்லித் திசையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் துழாவியவர், "அடேயப்பா, கூட்டமால்ல இருக்கு!" என்றார். பூசத்தில் இருப்பது ஒரு விண்மீன் கொத்து; இருண்ட வானில் வெறும் கண்ணுக்குப் புகைபோலத் தெரிவது, சிறிய கண்ணாடியிலேயே பத்துப் பத்தாகப் பிரிந்துவிடும். கலிலியோ தம் தொலைநோக்கியில் அங்கே 40க்கும் மேற்பட்ட மீன்களைக் கண்டதை 1610ல் எழுதியிருக்கிறார். அன்றிரவு வற்றல் பனியில் நனைந்ததுபற்றி அத்தை என்னைத்தான் குறை சொன்னார்.

மகம் மதுரைக்காரர்களுக்கு உரிய மீன் என்றே சொல்லலாம். அது உச்சியைக் கடக்கும்போது நம் தலைக்கு நேர் மேலிருந்து இரண்டு பாகை மட்டுமே விலகியிருக்கிறது. அதிலிருந்து எழும்பித் திருப்பிப் போட்ட கேள்விக்குறியாக வளையும் மீன்கள் சிங்கத்தின் பிடரி. கிழக்கே ஒரு முக்கோணம், அதில் பக்கத்துப் பக்கத்து இரண்டு மீன்கள் பூரம், கடைக்கோடியில் நிற்பது உத்திரம். சிங்கம் படத்துக்கு ஓரளவு ஒத்துவருகிற சில கூட்டங்களில் ஒன்று. கடகத்தில் நண்டைப் பார்த்ததாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

சித்திரை, வைகாசி மாதங்கள் தெற்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு வரம். கவிழ்ந்த சப்தரிஷியின் காம்பு வளைந்திருக்கும் போக்கிலேயே பார்வையை ஓட்டினால் முதலில் பொன்னிறத்தில் சுவாதி, அதே வளைவில் இன்னும் தெற்கே நீலவெண்மையாகச் சித்திரை. காம்பின் நடுமீனைக் கவனித்தால் அதை ஒட்டி மங்கிய இன்னொரு மீன் தெரியும், வசிட்டரும் அருந்ததியும். முகூர்த்தம் பகலில் வந்தாலும் அம்மி மிதித்த கையோடு மணமக்களுக்கு வானத்தைக் காட்டி அருந்ததி பார்க்கச் சொல்கிறோம். இரவில் காட்டினால் பார்த்தே விடலாம். சித்திரையை அடுத்துத் தென்மேற்கே நாற்கரமாக நிற்பவை அத்தம். கை என்று பொருள்படும் அந்தப் பெயருக்கு ஐந்து மீன்களை எண்ணுவது வழக்கம். நகரத்தில் நான்குதான் தென்படும்.

அத்தம் தெற்கு நோக்கி உச்சம் பெறும் அதே வேளையில், அதற்கு நேர் கீழே நான்கு முட்டி இறங்கினால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். திரிசங்கு என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். மே நடுவில் இரவு ஒன்பது மணியளவில் மதுரையில் அதன் அடிமீன் 17 பாகையிலும் தலைமீன் 23 பாகையிலும் இருக்கும். சென்னையில் இன்னும் மூன்று பாகை கீழே. 88 கூட்டங்களிலும் பரப்பளவில் மிகச் சிறியது இதுவே. மார்ச் மாதத்தில் இதற்கு முன்னதாகவே இன்னொரு சிலுவை வந்து பலரையும் ஏய்த்துவிடும். அது பெரியது, ஒளி குறைந்தது, உண்மையான சிலுவையைவிட மூன்றரை மணி நேரம் முன்னே செல்வது. ஐயம் வந்தால் இடப்பக்கம் பாருங்கள். உண்மையான சிலுவைக்கு இடப்பக்கம் அடுத்தடுத்து இரண்டு ஒளிமிக்க மீன்கள் காவல் நிற்கும். அவற்றுள் சிலுவையிலிருந்து தள்ளி இருப்பது ஆல்ஃபா சென்டாரி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதி, 4.4 ஒளியாண்டு. ஜவ்வாது மலையில் காவலூரை வானாய்வகத்துக்காக வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்ததற்கு வடவானையும் தென்வானின் பெரும்பகுதியையும் ஒரே இடத்திலிருந்து எட்ட முடியும் என்பது ஒரு காரணம், 12.5 பாகை வடக்கே உள்ள அந்த மலையில் 1986ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குக் கிடைக்கும் அதே வானம்தான் நம் மாடிக்கும் மேலே இருக்கிறது.

ஆடியில் மேகங்கள் இடைவெளி விடும்போது தெற்கே விருச்சிகம். எந்தக் கற்பனையும் தேவையில்லாமல் தேளாகவே தெரியும் கூட்டம் இது ஒன்றுதான் என்பேன். தலைப் பக்கம் செங்குத்து வரிசையில் மூன்று மீன்கள் அனுடம். உடலின் நடுவே செந்நிறக் கேட்டை. வால் கீழே இறங்கி வளைந்து மேலேறுமிடத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு மீன்களும் மூலம். வாலின் அடிவளைவுகூட மதுரையில் 37 பாகை உயரம் வரை வருகிறது. லண்டன்வாசிகளுக்கு அந்த அடிவளைவு வாழ்நாள் முழுவதும் கண்ணில் படாது. அனுடத்தின் நடுமீன் 2000ல் திடீரென ஒளி மிகத் தொடங்கியது. அதற்கு முந்தைய வரைபடங்களை வைத்திருப்பவர்கள் பக்கத்து மீன்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். தேளுக்கு மேற்கே, சித்திரைக்குப் போகும் வழியில் விசாகம், கிழக்கே தனுசில் பூராடமும் உத்திராடமும். அதற்கு அப்பால் ஒளிமிக்கது திருவோணம் மட்டுமே. இருபுறமும் துணைக்கு ஒவ்வொரு மீனுடன் நிற்கும் அது திருநெல்வேலியில் ஏறக்குறைய நேர் உச்சியைக் கடக்கிறது. அவிட்டம், சதயம், ரேவதி, அசுவினி, பரணி ஆகியவற்றுக்கு ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து ஒரு பெரிய சதுரத்தின் இரண்டு பக்கங்களாக அமைவதால் நகரத்திலும் தப்பிப் பிழைக்கின்றன.

கோள்களைப் பற்றி ஒரு சொல். வரைபடத்தில் இல்லாத ஒளிமிக்க மீன் ஒன்று ராசிப் பாதையில் நின்றால் அது கோள். வியாழன் ஒரு ராசியில் ஏறத்தாழ ஓராண்டும் சனி இரண்டரை ஆண்டும் தங்குவதால், பத்திரிகைகளோடு இலவசமாக வரும் பெயர்ச்சிப் பலன் இணைப்பு அவை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். பலனைப் படிக்காமல் ராசியின் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

நகர வெளிச்சத்தைக் குறை சொல்லாத வானம்பார்ப்பவர் இல்லை. நானும் சொல்வேன், ஆனால் கற்கும் நிலையில் அது ஓரளவு நன்மையே செய்கிறது. மாடியில் தெரிகிற சில பத்து மீன்களில் பெரும்பாலானவை பெயருள்ள மீன்கள். முதன்முதலாக மலையில் போய் நிற்கிறவருக்கு ஆயிரக்கணக்கில் மீன்கள் கொட்டிக்கிடக்க, எது எந்தக் கூட்டம் என்று பிரித்தறிய முடியாமல் போகும். தேவையானது இருட்டுக்குக் கண்ணைப் பழக்கும் அரைமணி நேரம் மட்டுமே, அந்த அரைமணியில் கைப்பேசியைத் தொடாமல் இருந்தால். ஸ்டெல்லேரியம் போன்ற செயலிகளை நான் விலக்கச் சொல்லவில்லை. கண்டுபிடித்த பிறகு சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். முதலிலேயே திறந்தால் அது பெயரைச் சொல்லிவிடும், வழியைக் கற்றுத்தராது.

வழியைப் பொறுத்தவரை நான் கற்ற மிகச் சிறந்த விதி புறநானூற்றின் 229ஆம் பாடலில் இருக்கிறது. சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறப்பதற்கு ஏழு நாள் முன்னதாக ஓர் எரிமீன் விழுந்ததைக் கண்ட கூடலூர் கிழார், எந்த இரவு, எந்த நேரம் என்பதை விண்மீன்களைக் கொண்டே குறிக்கிறார்: பங்குனி மாதம், நள்ளிரவு, உச்சியிலிருந்த ஒரு மீன் சாய, அதற்கு எதிரே ஒரு மீன் எழ, இன்னொன்று மேற்கே கடலில் படிய. பழைய உரை இந்த மூன்றையும் உத்திரம், அதற்கு எட்டாவதான மூலம், அதற்கு முன் எட்டாவதான மிருகசீரிடம் என்று அடையாளம் காட்டுகிறது. மன்னனின் சாவுக்கும் எரிமீனுக்கும் தொடர்பில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் விண்மீன் குறிப்பைச் சோதித்துப் பார்க்கலாம். மார்ச் கடைசி வாரத்தில் நள்ளிரவிலோ, ஏப்ரல் 20ஐ ஒட்டி இரவு பத்தரை மணிக்கோ மாடியேறினால், உத்திரம் உச்சியைத் தாண்டிச் சாயத் தொடங்கியிருக்கும், தென்கிழக்கு அடிவானில் தேளின் வால்நுனி வெளிவரும், மேற்கே வேட்டைக்காரனின் தலை இறங்கிக்கொண்டிருக்கும். அடிவானம் திறந்த இடமாக இருந்தால் மூன்றையும் ஒரே கால்மணி, அரைமணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். புலவர் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

இதன் பின்னால் உள்ள கணக்கு எளிது. 27 மீன்கள் வானத்தை ஒரு சுற்று சுற்றியிருக்கின்றன. உச்சிக்கும் அடிவானத்துக்கும் இடைப்பட்டது கால் சுற்று. கால் சுற்றுக்கு ஏறத்தாழ ஏழு மீன்கள். எனவே உச்சியில் நிற்பதையும் சேர்த்து எண்ணினால் வரிசையில் எட்டாவது மீன் கிழக்கே எழும், பின்னோக்கி எட்டாவது மீன் மேற்கே மறையும். திருவாதிரை உச்சியில் இருந்தால் கிழக்கே அத்தம் எழுவதற்கும் மேற்கே உத்திரட்டாதி மறைவதற்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். மீன்கள் சம இடைவெளியில் நிற்பவை அல்ல என்பதால் முன்பின் ஒரு மணி நேரம் வரை பிசகலாம். நாளுக்கு நான்கு நிமிடம், மாதத்துக்கு இரண்டு மணி நேரம் வானம் முந்திக்கொள்கிறது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொண்டால், எந்த மாதம், எந்த மணி என்றாலும் ஒரு மீனை வைத்து மற்றவற்றை எதிர்பார்த்து நிற்க முடியும்.

படங்களை மட்டும் நம்பியவருக்கு முழுப் படமும் தெரிந்தாக வேண்டும். வரிசையை நம்பியவருக்கு ஒரு மீன் போதும் என்பது மழைக்காலத்தில் விளங்கும். புரட்டாசித் தொடக்கத்தில் இரவு பத்தரை மணிக்கு வானம் முக்கால்வாசி மூடியிருக்க, தென்மேற்கு அடிவானில் செந்நிற மீன் ஒன்று மட்டும் மேகத்தின் விளிம்பில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கேட்டை. கேட்டையை ஒன்று என்று வைத்து மூலம், பூராடம், உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம் என்று எண்ணினால் எட்டாவதாக வருவது பூரட்டாதி. அது இந்நேரம் உச்சியை நெருங்கியிருக்கும். அந்தச் சதுரத்தைச் சுற்றி ஒளிமிக்க மீன்கள் அதிகம் இல்லாததால், தலைக்கு மேலே மேகம் விலகுகிற இடத்தில் நடுத்தர ஒளியுடன், ஒன்றுக்கொன்று முக்கால் சாண் இடைவெளியில் இரண்டு மீன்கள் தெரிந்தாலே சதுரத்தின் ஒரு பக்கம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மற்ற பக்கத்துக்கு அடுத்த இடைவெளி வரும்வரை மாடியில் நின்றாக வேண்டும், குடையோடு.